கோழிக்கு எத்தனை எம்.எம்.?

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்தையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமம் வாங்கத் தேவையில்லை. வீட்டில் வாங்க வேண்டிய உரிமத்தைப் பற்றி அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. எழுதியவர்கள் பிரம்மச்சாரிகளாக இருக்க வேண்டும். அல்லது வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு, இது நம் வரம்புக்குள் வராது என்று விட்டிருக்க வேண்டும்.

நான் வாங்கியது குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற ரகம். கடைக்காரர் அடையாள அட்டையின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, "எதுக்குங்க சார்?" என்றார். "பொழுதுபோக்கு" என்றேன். வீட்டில் அதே கேள்வி வந்தபோது "உடற்பயிற்சி" என்றேன். அது முழுப்பொய் அல்ல. ஒரு தடவை மடக்கி நிமிர்த்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

முதலில் எல்லோரையும் போலக் காகிதத்தில்தான் சுட்டேன். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக் காகிதத்தில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். அதே காகிதத்தை நானும் அச்சடித்து, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டி வைத்தேன். என் குண்டுகள் நன்றாகவே குவிந்தன. காகிதத்துக்கு வெளியே, மிக்ஸி படத்தின் மேல்.

ஆனால் காகிதத்தின் மேல் எனக்கிருந்த வருத்தம் வேறு. அது பேசாது. எங்கள் வீட்டில் நான் ஒன்று சொன்னால் பதில் வருகிற வழக்கம் இல்லை. "மோட்டாரை நிறுத்தியாச்சா?" என்று மாடியிலிருந்து கேட்டால், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்தான் பதில். காகிதமும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டது. பட்டதா இல்லையா என்று எழுந்து நடந்துபோய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். இரும்பு அப்படியில்லை. பட்டால் உடனே "டிங்" என்று சொல்லிவிடும். படாவிட்டால் குத்திக்காட்டாமல் சும்மா இருக்கும். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே இரும்புக் குறி செய்வது என்று முடிவெடுத்தேன். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வது என்பது என் கொள்கை. அதனாலேயே பல காரியங்கள் படிப்போடு நின்றிருக்கின்றன.

இரும்புக் குறி விஷயத்தில் வேதம் ஓதுகிறவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் சொல்கிற தகட்டுக்கு ஏ.ஆர். 500 என்று பெயர். சுரங்கத்திலும் கல் குவாரியிலும் தேய்மானம் தாங்குவதற்காகச் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து இறுக்கிய எஃகு. 500 என்பது பிரினெல் கணக்கில் அதன் கடினம். சுவீடன்காரரான யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900-இல் கொண்டுவந்த சோதனை அது. 10 மில்லிமீட்டர் உருண்டையை 3,000 கிலோ பாரத்தில் உலோகத்தின் மேல் அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை அளப்பார்கள். குழி சிறிதானால் எண் பெரிது. நம் வீட்டு கேட், ஜன்னல் கம்பி செய்கிற சாதா எம்.எஸ். தகடு அந்தக் கணக்கில் 120, 130 என்று நிற்கும்.

கடினம் எதற்கு என்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தகடு ஓட்டை விழாமல் இருப்பதற்காக மட்டுமல்ல. முகம் மழமழவென்று இருப்பதற்காக. தட்டையான முகத்தில் மோதுகிற ஈயம் நசுங்கிச் சிதறி, தகட்டை ஒட்டியபடியே பக்கவாட்டில் பாய்ந்துவிடும். அதே தகட்டில் ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்து, குண்டு அதில் போய் விழுந்தால், பள்ளத்தின் சரிவு அந்தத் துகள்களைத் திருப்பி, சுட்டவர் பக்கமே அனுப்பிவிடும். பள்ளம் விழுந்த குறியைத் தூக்கிப்போடு என்பது அவர்களுடைய முதல் கட்டளை. தகட்டை நேராக நிறுத்தாமல் தலையை 20 டிகிரி முன்னால் சாய்த்துத் தொங்கவிடு, சிதறல் தரையைப் பார்த்துப் போகட்டும் என்பது இரண்டாவது. கைத்துப்பாக்கிக்கு 10 கஜம், பெரிய ரைஃபிளுக்கு 100 கஜம் தள்ளி நில், கண்ணாடி இல்லாமல் பக்கத்தில்கூடப் போகாதே என்பவை அடுத்தவை. கேஸ் கட்டிங்கில் வெட்டாதே, வெல்டிங் வைக்காதே என்றும் உண்டு. 250 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால், சிரமப்பட்டு ஏற்றிய கடினம் அந்த இடத்தில் இறங்கிவிடும்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு வீட்டிலிருந்த எந்த உலோகத்தையும் இயல்பாகப் பார்க்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எவர்சில்வர் தட்டின் விளிம்பைச் சுண்டிப் பார்ப்பேன். குக்கர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். தோசைக்கல்லை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சத்தம் பார்க்கறேன். ஆனா வார்ப்பிரும்பு சரிப்படாது. அடி பட்டா விரிசல் விடும்."

"அது எங்கம்மா குடுத்த கல்லு."

"அதான் சொல்றேன், சரிப்படாதுன்னு."

அன்றிலிருந்து தோசைக்கல் இரவில் பீரோவுக்குள் போய்விடுகிறது.

இரும்புக்குக் கோயம்புத்தூரில் பஞ்சமா? பம்ப் செட்டும் வெட் கிரைண்டரும் செய்கிற ஊர். கணபதிப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடுகிற சத்தம் கேட்கும். உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகள். நான் நேராக ஒரு லேசர் கட்டிங் பட்டறைக்குப் போய், ஏதோ பெரிய கம்பெனி ஆர்டர் கொடுக்கிறவன் தோரணையில், "500 பிரினெல், ஒன்பதரை எம்.எம்., இருக்குங்களா?" என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார். "ஹார்டாக்ஸ் மாதிரிங்களா? டிப்பர் லாரி பாடிக்குப் போடுவாங்க, அதுதானுங்களே? எத்தன டிப்பருங்கண்ணா?"

டிப்பர் இல்லை, துப்பாக்கி என்றேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். என்ன துப்பாக்கி என்று சொன்னேன். நகர்ந்த ஒரு அடியையும் திரும்ப வந்து, எழுந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிரவு மகள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். பிளஸ் ஒன்னில் இயற்பியல் படிக்கிறவள். என் ஈயக் குண்டு அரை கிராம். விநாடிக்கு 200 மீட்டர் வேகம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாள். 10 ஜூல் வந்தது. அமெரிக்கர்கள் ஏ.ஆர். 500 தகட்டில் சுடுகிற சாதாரண 5.56 ரைஃபிள் குண்டுக்குச் சுமார் 1,700 ஜூல்.

"அப்பா, 10 ஜூல்னா எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டத் தரையிலருந்து ஒரு மீட்டர் தூக்கி மேடையில வைக்கற வேலை."

"அத உங்கப்பா செஞ்சு நான் பார்த்ததே இல்லயே" என்றது சமையலறை.

கணக்கு கணக்குதான். 10 ஜூலுக்கு 3 எம்.எம். எம்.எஸ். தகடே தாராளம். ஈயக் குண்டு மெத்து. மோதிய இடத்தில் அது நசுங்குமே தவிரத் தகட்டில் பள்ளம் போடாது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சிலர் காற்றுத் துப்பாக்கியில் பால்ரஸ் போட்டுச் சுடுவார்கள். அது நசுங்காது. இரும்பில் பட்டால், வந்த வழி மறக்காமல் திரும்பி வரும். ஆகவே ஈயம் மட்டும், கண்ணாடி கட்டாயம், 10 மீட்டருக்குக் கிட்டே நின்று சுடுவதில்லை என்று சட்டம் போட்டேன். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. அது நான் போட்டது அல்ல.

தகடு முடிவானது. என்ன உருவம் என்பதுதான் பாக்கி. வட்டமாக ஒன்று வெட்டி மாட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மறுபடியும் படித்தேன்.

மெக்சிகோவில் ஒரு காலத்தில் உயிருள்ள கோழியையும் ஆட்டையும் தூரத்தில் கட்டிவைத்துச் சுடுகிற போட்டி நடந்திருக்கிறது. அந்தப் பிராணிகளை இரும்பிலேயே வெட்டி நிறுத்தினால் என்ன என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்ற, 1948-இல் மெக்சிகோ நகரில் முதல் இரும்பு உருவப் போட்டி நடந்தது. வரிசை இன்றும் அதேதான்: 200 மீட்டரில் கோழி, 300-இல் காட்டுப்பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் கொம்பு வைத்த செம்மறிக் கடா. நின்றபடி, எதன்மேலும் சாயாமல் சுட வேண்டும். பட்டால் போதாது, பீடத்திலிருந்து விழ வேண்டும். முழு அளவுக் கடா 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 500 மீட்டருக்கு அப்பால் அது வாங்குகிற அடியின் சத்தம் சுட்டவர் காதுக்கு வந்து சேர ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியை நினைத்து எனக்கு ஏக்கமாக இருந்தது. இதிலேயே காற்றுத் துப்பாக்கிப் பிரிவும் உண்டு என்று படித்தபோது தெம்பு வந்தது. உருவங்கள் பத்தில் ஒரு பங்கு. தூரம் 20, 30, 36, 45 கஜம். கோழி தீப்பெட்டியைவிடச் சிறிது. கடா உள்ளங்கையில் அடங்கும்.

மகள் படம் வரைந்து, லேசர் இயந்திரத்துக்கு வேண்டிய கோப்பாக மாற்றிக் கொடுத்தாள். பன்றிக்கு மட்டும் வால் அவளுடைய சொந்தக் கற்பனை. கோப்பைத் திறந்து பார்த்த பட்டறைக்காரர், கோழியையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரியாணிக் கடை போர்டுங்களாண்ணா?"

"இல்லைங்க. சுடறதுக்கு."

"அதானுங்க கேட்டேன். கரி அடுப்புல சுடறதா, தந்தூரியா?"

விளக்கினேன். மெக்சிகோ, 1948, பத்தில் ஒரு பங்கு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தொழில் பேசினார். "கோழிக்கு எத்தன எம்.எம். போடறதுங்க?" மூன்று என்றேன். ஆட்டுக்கு ஐந்து. இத்தனூண்டு உருப்படி நாலுக்காகத் தகடு ஏற்றி மெஷினை ஓட்டினால் கரண்டுக்காசுகூடத் தேறாது, வேறு வேலையில் மிஞ்சிய இரண்டு ஷீட் கிடக்கிறது, அது நிறைய அடித்துக்கொள்ளுங்கள், சேர்த்து ஒரு விலை போட்டுத் தருகிறேன் என்றார். விலையைக் கேட்டதும் லாபம் என்று பட்டது. வீட்டுக்காரன் ஒருவனைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும்.

அப்படித்தான் நான் ஒரு பட்டி நிறைய ஆடும் கோழியும் வைத்திருப்பவன் ஆனேன். சிமெண்ட் சாக்கில் கொட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். காரின் பின்பக்கம் தாழ்ந்தது. ஷீட்டின் மூலையில் மிஞ்சிய இடம் வீணாவானேன் என்று மகள் ஒரு வான்கோழியை மட்டும் பெரிதாக, தோகை விரித்த கோலத்தில் வரைந்திருந்தாள். தொங்கவிட்டு அடிக்க நன்றாக இருக்கும் என்றாள். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

உருவங்கள் நிற்பதற்கு அடியில் ஒரு பட்டை வெல்டிங் வைக்க வேண்டும். ஹார்டாக்ஸாக இருந்தால் வெல்டிங் சூட்டில் கடினம் போய்விடும் என்று பயப்பட வேண்டும், எம்.எஸ்.ஸுக்குப் போக அப்படி ஒன்றும் கிடையாது. இதை வெல்டிங் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "தள்ளி நில்லுங்கண்ணா, பொறி தெறிக்கும்" என்றான். ரெட் ஆக்சைடு அடித்து, மேலே வெள்ளை அடித்தேன். வெள்ளை எதற்கென்றால், ஈயம் பட்ட இடம் சாம்பல் நிறத்தில் தெரியும். பட்ட இடம் தெரிந்தால் அடுத்ததைத் திருத்திச் சுடலாம். என் கணக்கில் வெள்ளை நீண்டநாள் வெள்ளையாகவே இருந்தது.

சுடுகிற இடம் பொள்ளாச்சிப் பக்கம் மாமனாரின் தென்னந்தோப்பு. கிணறு தூர்வாரிய மண் ஒரு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறது. தப்பிப் போகிற குண்டெல்லாம் அதில் புதைந்துவிடும். என் விஷயத்தில் குறியைவிட மண்மேடுதான் முக்கியமான கருவி. மாமனார் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ராத்திரி பன்னி வந்து கிழங்கையெல்லாம் தோண்டிப் போடுது. அதச் சுட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"மாமா, அது குத்தமுங்க. அதுவுமில்லாம இதுல சுட்டா பன்னிக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கும். நான் இரும்புப் பன்னி மட்டுந்தானுங்க."

"இரும்புப் பன்னி எதுங்க மாப்பிள்ளை தின்னுச்சு?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவர் மெதுவாகத்தான் கேட்பார்.

தொங்குகிற தகட்டுக்கும் நிறுத்தி முடுக்கிய தகட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே போய்த்தான் காதால் கேட்டேன். போல்ட் போட்டு இறுக்கிய தகடு "டொக்" என்று சுருக்கமாக முடித்துக்கொள்ளும். அதிர்வை போல்ட்டும் கட்டையும் சேர்ந்து விழுங்கிவிடும். சங்கிலியில் ஆடவிட்டால் கோயில் மணி போல இழுத்துச் சொல்லும். அடி வாங்கியதும் பின்னால் நகர்ந்து வேகத்தைத் தணித்துக்கொள்வதால் சிதறலும் குறைவு. அந்தப் பெரிய வான்கோழியைச் சங்கிலியில் மாட்டி, முகம் கொஞ்சம் தரையைப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் ஒரு கனத்த நட்டு கோத்துச் சாய்த்தேன். வெள்ளை தீர்ந்துபோனதால், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை அதற்கு அடித்திருந்தேன்.

முதல் சத்தம் கேட்டுச் சிறிது நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் வேகமாக வந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. அவர் கோபமாக வருகிறார் என்பதற்கு அது அடையாளம் என்று மாமனார் பிறகு சொன்னார்.

"ஏனுங்க தம்பி, மயிலக் கட்டித் தொங்கவிட்டுச் சுடறீங்களாமா? படிச்சவங்க பண்ற வேலையாங்க இது?"

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. தேசியப் பறவை. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் மயில்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது போலத்தான் நடமாடும். அவர் வந்து நின்ற நேரத்தில்கூட ஒரு நிஜ மயில் மண்மேட்டுக்கு அந்தப்புறமாகச் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அது போகட்டும் என்று நெடுநேரமாகக் காத்திருந்தேன். உயிருள்ள எதுவும் எதிரே இருந்தால் குழலை மடக்குவதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் வான்கோழியிடம் போய் நகத்தால் தட்டினார். டிங்.

"இரும்புங்களா?"

"எம்.எஸ்., அஞ்சு எம்.எம்."

"கழுத்து குட்டையாப் போச்சுங்க தம்பி. மயிலுக்கு இன்னும் நீளம் வேணும்" என்றார். வான்கோழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் அதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பனியில் சறுக்கிக்கொண்டே வந்து சுடுகிற பயத்லான் வீரர்கள், 50 மீட்டரில் இருக்கும் இரும்புக் குறிகளை நெஞ்சு படபடக்க அடிப்பார்கள். படுத்துச் சுட 45 மில்லிமீட்டர் வட்டம், நின்று சுட 115. நான் சுட்டது மாமியார் போட்ட சாப்பாட்டுக்குப் பிறகு. மூச்சைப் பிடித்தால் ஏப்பம் வருகிறது. 20 கஜக் கோழிகள் அவ்வப்போது விழுந்தன. 45 கஜக் கடாக்களில் ஒன்று விழுந்தது. அன்று காற்றும் பலமாக இருந்ததாக மகள் சாட்சி சொல்கிறாள். கட்டிலில் இருந்தபடியே மாமனார் ஒருமுறை வாங்கிச் சுட்டார். வான்கோழி உடனே பதில் சொன்னது. "இவ்வளவுதானுங்களா மாப்பிள்ளை?" என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கண்ணாடி போட்டது பேப்பர் படிக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

மீந்த பட்டி வீட்டில் சாக்கோடு கிடந்தது. நவராத்திரிக்குக் கொலு வைத்தபோது, முளைவிட்ட கடுகுப் பயிரில் மேய விட மனைவி அதைப் பிரித்தாள். வெள்ளை ஆடுகள், கோழிகள், வால் நீண்ட பன்றிகள், கம்பி வேலிக்குள் ஒரு முழுப் பண்ணை. அக்கம்பக்கத்து அக்காமார்கள் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்கள். "எந்தக் கடைங்க? என்ன நறுவிசா வெட்டியிருக்கு!" என்றார்கள். மூலையில் கிடந்த என் துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கோழிகள் சுண்டலோடு சேர்த்து வெற்றிலைப் பாக்குத் தட்டில் போய்விட்டன. பன்றிகளை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

கடாக்கள் இன்னும் ஏராளமாக மிச்சம். ஐந்து எம்.எம்., அடிப்பட்டையோடு, பெயிண்ட் அடித்தது. வேண்டுவோர் கனமான பை கொண்டுவந்து எடுத்துப் போகலாம், காசு வேண்டாம். பால்ரஸ் போட்டுச் சுடுவேன், கண்ணாடி போட மாட்டேன், பின்னால் மண்மேடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் கிடையாது. கொலுவுக்கு என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒரு பன்றியும் சேர்த்துத்தான் தருவோம்.